ஒரே ஐந்து குரல்கள், இரண்டு டைட்டன்ஸ்

கேள்வி இதுதான்: "என் எட்டு வயது மகன் 'டீன் டைட்டன்ஸ் கோ' கார்ட்டூனை விழுந்து விழுந்து சிரித்துப் பார்க்கிறான். என் தம்பிக்கு அதன் பெயரைக் கேட்டாலே கோபம் வருகிறது. பழைய 'டீன் டைட்டன்ஸ்' தொடரைக் கொன்றதே இதுதான், இது அசலுக்குச் செய்த அவமானம் என்கிறான். நான் இரண்டையும் முழுதாகப் பார்த்ததில்லை. யார் சொல்வது நியாயம்?"

உங்கள் தம்பியின் கோபத்தில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. ஆனால் அது போய் விழுகிற இடம்தான் தவறு. மகன் சிரிப்பதிலும் தவறில்லை. சிரிக்க வைப்பதற்காகவே செய்யப்பட்ட தொடர் அது. இரண்டுமே ராபின், ஸ்டார்ஃபயர், ரேவன், பீஸ்ட் பாய், சைபோர்க் என்ற ஐந்து இளம் சூப்பர் ஹீரோக்களின் குழுவைப் பற்றிய கதைதான்.

முதலில் கொலைக் குற்றச்சாட்டை முடித்துவிடலாம், ஆண்டுகளைப் பார்த்தாலே போதும். பழைய தொடர் கார்ட்டூன் நெட்வொர்க்கில் 2003 ஜூலையில் தொடங்கி, ஐந்து சீசன், 65 எபிசோடுகள் ஓடி, 2006 ஜனவரியில் முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டோக்கியோவில் நடக்கும் கதையாக ஒரு தொலைக்காட்சித் திரைப்படமும் வந்தது. 'கோ' தொடங்கியது 2013 ஏப்ரலில். ஏழு வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதை யாரும் கொல்ல முடியாது. பழைய தொடர் ஏன் ஆறாவது சீசனுக்குப் போகவில்லை என்பதற்கு அதில் வேலை செய்தவர்களே வெவ்வேறு காரணங்களைச் சொல்லியிருக்கிறார்கள்: பார்வையாளர் எண்ணிக்கை குறைந்தது என்கிறது ஒரு கதை, பொம்மை உரிமைத் தகராறு என்கிறது இன்னொரு கதை. எதுவானாலும் அப்போது 'கோ' யார் மனதிலும் இல்லை.

ஆனால் உண்மையாகவே ஒரு சாவு நடந்தது, அது வேறு வீட்டில். அதே சேனலில் 2010-இல் தொடங்கிய 'யங் ஜஸ்டிஸ்' என்ற சூப்பர் ஹீரோ தொடரும், 'கிரீன் லான்டர்ன்' அனிமேஷன் தொடரும் 2013 மார்ச்சில் முடித்துவைக்கப்பட்டன. அடுத்த மாதமே 'கோ' வந்தது. 'யங் ஜஸ்டிஸ்' கனமான, நீண்ட கதை. முந்தைய வாரம் பார்க்காதவருக்கு இந்த வாரம் புரியாது. அந்தத் தொடரைச் சேனல் 2012 அக்டோபரில் எந்த விளக்கமும் இல்லாமல் நிறுத்தி, ஜனவரியில் மீண்டும் கொண்டுவந்து, மீதியை ஒளிபரப்பி மூட்டை கட்டியது. ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தக் காயம் ஆறுவதற்குள், பெரிய தலையும் குட்டைக் கால்களுமாக ராபின் வந்து இடுப்பை ஆட்டினான். இதனால்தான் அது நடந்தது என்று எல்லோரும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

'யங் ஜஸ்டிஸ்' படைப்பாளிகளில் ஒருவரான கிரெக் வைஸ்மன் சொன்ன காரணம் இதைவிடச் சலிப்பானது. தொடருக்கான பணம் மேட்டல் நிறுவனத்தின் பொம்மை ஒப்பந்தத்திலிருந்து வந்தது. பொம்மைகள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. மேட்டல் விலகியதும் அந்த இடத்தை நிரப்பப் பணம் இல்லை. அமெரிக்க சூப்பர் ஹீரோ கார்ட்டூன்களின் ஆயுளைப் பல நேரம் கடை அலமாரிதான் தீர்மானிக்கிறது. 'கோ' பிறக்காமலே இருந்திருந்தாலும் 'யங் ஜஸ்டிஸ்' அந்த மார்ச்சில் நின்றிருக்கும். பின்னர் 2019-இல் ஒரு ஸ்ட்ரீமிங் தளத்தில் அது மீண்டும் உயிர்பெற்றது என்பதையும் உங்கள் தம்பிக்கு நினைவூட்டுங்கள்.

இனி, 'அசலுக்கு அவமானம்' என்ற பேச்சு. இதற்கு எது அசல் என்று பார்க்க வேண்டும்.

டீன் டைட்டன்ஸ் முதலில் காமிக்ஸில் வந்தது 1964-இல். பெரிய ஹீரோக்களின் கையாட்களான ராபின், கிட் ஃபிளாஷ், அக்வாலாட் மூவரும் சேர்ந்த விளையாட்டுத்தனமான கதை அது. 1980-இல் மார்வ் வுல்ஃப்மன் எழுத்திலும் ஜார்ஜ் பெரெஸ் ஓவியத்திலும் அது புதுப்பிறவி எடுத்தது. ஸ்டார்ஃபயர், ரேவன், சைபோர்க் மூவரும் அப்போதுதான் பிறந்தார்கள். 1984-இல் வந்த 'தி ஜூடாஸ் கான்ட்ராக்ட்' கதையில் டெர்ரா என்ற பெண் குழுவுக்குள் நுழைந்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, எல்லோரையும் காட்டிக்கொடுக்கிறாள். அந்தக் காமிக்ஸ் டெர்ராவுக்கு மனமாற்றமே கிடையாது. வெறுப்போடு வந்தாள், வெறுப்போடு செத்தாள்.

2003 தொடரைச் செய்த கிளென் முராகாமியும் குழுவினரும் இதை எடுத்து என்ன செய்தார்கள்? தன் சக்தியைத் தானே கட்டுப்படுத்தத் தெரியாத, பயந்த, தனிமைப்பட்ட சிறுமியாக டெர்ராவை மாற்றினார்கள். பீஸ்ட் பாய்க்கு அவள்மேல் ஒரு மயக்கம். துரோகம் செய்கிறாள், கடைசியில் குழுவின் பெரிய எதிரியான ஸ்லேடை எதிர்த்து நின்று, எரிமலையைத் தடுத்து, கல்லாகி உறைகிறாள். காமிக்ஸ் ரசிகர்களில் சிலர் அப்போதே முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பு டெர்ராவோடும் நிற்கவில்லை. முகத்தில் பெரிய வியர்வைத் துளி, கோபம் வந்தால் ஊதிப் பெரிதாகும் தலை, ஜப்பானியப் பெண்கள் பாடும் தொடக்கப் பாட்டு, யாருக்கும் ரகசிய அடையாளம் கிடையாது, கண்காணிக்கப் பெரியவர் யாரும் கிடையாது என்று குறைப்பட்டியல் நீண்டது. பேட்மேன், சூப்பர்மேன் அனிமேஷன் தொடர்களை வளர்த்த பட்டறையிலிருந்து வந்த முராகாமி ஏன் இப்படிச் சின்னப்பிள்ளைத்தனம் செய்கிறார் என்ற கேள்வி அன்று இருந்தது. இன்று உங்கள் தம்பி புனிதமாக வைத்திருக்கிற தொடர் அன்றைய அண்ணன்மார்களின் பார்வையில் 'கெடுத்துவிட்ட' தொடர்.

அந்தத் தொடக்கப் பாட்டு பற்றி ஒரு செய்தி. பஃபி அமியுமி என்ற ஜப்பானிய ஜோடி பாடியது. கனமான எபிசோடு என்றால் ஆங்கில வடிவம், கோமாளித்தனமான எபிசோடு என்றால் ஜப்பானிய வடிவம். பாட்டைக் கேட்டதுமே அன்றைக்கு அழ வேண்டுமா சிரிக்க வேண்டுமா என்று தெரிந்துவிடும். பழைய தொடருக்கே இரண்டு முகம் உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பசுக்களைத் திருடுகிற வேற்றுக்கிரகச் சோயாக்கட்டி, ராபினைக் கும்பிடுகிற லாரி என்ற குட்டி ராபின் எல்லாம் 'கோ'வின் கண்டுபிடிப்பல்ல, பழைய தொடரின் சரக்கு. ரிமோட்டோடு அலைந்து, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் சில்லறைத் தவறுகளுக்காக உலகத்தோடு சண்டை போடும் கன்ட்ரோல் ஃப்ரீக் என்ற வில்லனும் அதில்தான் இருந்தான். வெறிபிடித்த ரசிகனைக் கேலி செய்யும் வேலையைப் பழைய தொடரே தொடங்கிவைத்திருக்கிறது.

அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா என்றால் இல்லை. எங்கே வேறுபடுகின்றன என்பதை ஒரே ஒரு கருவை வைத்துப் பார்த்தால் போதும். நல்வாய்ப்பாக இரண்டு தொடரும் அந்தக் கருவைத் தொட்டிருக்கின்றன.

ரேவனின் தந்தை டிரைகான் என்ற அரக்கன். அவளுடைய சக்தி உணர்ச்சியோடு கட்டுண்டது. உணர்ச்சி கை மீறினால் சக்தியும் கை மீறும். அதனால்தான் அவள் எப்போதும் ஒட்டாத, வறண்ட குரலில் பேசுகிறாள். பழைய தொடரின் முதல் சீசனில் 'நெவர்மோர்' என்ற எபிசோடு. பீஸ்ட் பாயும் சைபோர்க்கும் ரேவனின் அறைக்குள் நுழைந்து ஒரு கண்ணாடியை எடுக்க, அது அவர்களை அவள் மனத்துக்குள் இழுத்துவிடுகிறது. அங்கே பல ரேவன்கள். இளஞ்சிவப்பு அங்கி அணிந்தவள் எதற்கெடுத்தாலும் சிரிக்கிறாள், பச்சை அங்கிக்காரி வீரம் பேசுகிறாள், சாம்பல் நிறத்தவள் கூனிக்குறுகி மன்னிப்புக் கேட்கிறாள். சிவப்புதான் கோபம், நான்கு கண்களோடு டிரைகானின் உருவத்தில் வருகிறது. எல்லா நிறங்களும் ஒன்றுசேர்ந்து வெள்ளை அங்கி ரேவனாகி அதை அடக்குகின்றன. தன் நகைச்சுவைக்கு ஒருநாளும் சிரிக்காத ரேவனுக்கு உள்ளே அவற்றைக் கேட்டுச் சிரிக்கிற ஒருத்தி இருக்கிறாள் என்று பீஸ்ட் பாய் தெரிந்துகொள்வதுதான் அந்த எபிசோடின் இதயம். அதற்குப் பிறகு அந்த இருவர் வரும் எந்தக் காட்சியையும் முன்பு பார்த்த மாதிரி பார்க்க முடியாது.

'கோ'வின் முதல் சீசனில் 'கலர்ஸ் ஆஃப் ரேவன்'. இங்கே ஒரு மாயப் படிகம் ரேவனைப் பல நிறங்களாகப் பிரித்துவிடுகிறது. அந்த நிற ரேவன்கள் வீட்டில் அட்டகாசம் செய்கிறார்கள். சிரிப்பு வருகிறது, நன்றாகவே வருகிறது. பதினொரு நிமிடம் முடிந்ததும் எல்லாம் பழையபடி. அடுத்த எபிசோடில் அதன் சுவடே இருக்காது. எழுதியவர்களுக்குப் பழைய எபிசோடு தெரியவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரிக்கு வரி தெரிந்தவர்கள் செய்த வேலை அது. அவர்கள் எடுத்துக்கொண்டது நிறங்களை மட்டும். உள்ளே ஒருத்தி சிரிக்கிறாள் என்ற ரகசியத்தை விட்டுவிட்டார்கள், ஏனென்றால் பதினொரு நிமிட நகைச்சுவையில் அதை வைத்துக்கொள்ள இடமில்லை.

நான் பழைய தொடரின் பக்கம் சாய்கிறவன் என்பதை மறைக்கப்போவதில்லை. சாயக் காரணம் மூன்றாவது சீசனின் 'ஹான்டட்'. ஸ்லேட் எரிமலைக் குழம்பில் விழுந்து போய்விட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். ராபின் மட்டும் அவனைப் பார்க்கிறான், அவனோடு சண்டை போடுகிறான், உடலில் காயங்கள் வேறு. மற்றவர்கள் கண்ணுக்கு அங்கே யாருமே இல்லை. பழைய முகமூடியிலிருந்து கிளம்பிய ரசாயனத் தூசியை ராபின் சுவாசித்துவிட்டான், அதன் விளைவு என்று பிறகு தெரிகிறது. குழு வசிக்கும் டவரின் அடித்தளத்து இருட்டில் ராபின் மாறி மாறி உதை வாங்குகிறான். ஸ்லேட் இருட்டில் மட்டும்தான் வருகிறான் என்பது அவனுக்கு உறைக்கிறது. கை நீட்டி விளக்கைப் போடுகிறான். எதிரே வெற்றுச் சுவர். குழந்தைகளுக்கான ஒரு சேனலில், தன்னையே அடித்துக்கொண்டிருக்கும் ஒரு பையனை இருபத்திரண்டு நிமிடம் காட்டும் துணிச்சல் அவர்களுக்கு இருந்தது. 'கோ'வின் நூற்றுக்கணக்கான எபிசோடுகளில் இதற்கு அருகில் வருவது எதுவுமில்லை. வரவேண்டும் என்று அது முயலவும் இல்லை.

அப்படியிருக்க ஏன் இத்தனை ஆத்திரம்? நகைச்சுவைத் தொடர் ஒன்று வந்தால் பிடிக்காதவர் பார்க்காமல் விட்டுவிடலாமே? என் கணிப்பில் காரணம் குரல்கள். ஸ்காட் மென்வில், ஹிண்டன் வால்ச், தாரா ஸ்ட்ராங், கிரெக் சைப்ஸ், காரி பேட்டன் என்ற அதே ஐவர்தான் இரண்டிலும் பேசினார்கள். வேறு நடிகர்கள் பேசியிருந்தால் இது வேறு ராபின் என்று மனம் ஒதுக்கிவிட்டுப் போயிருக்கும். 'ஹான்டட்'டில் இருட்டில் கதறிய அதே குரல் இப்போது சொந்தப் பிட்டத்தைப் பற்றிப் பாட்டுப் பாடுகிறது. இழவு சொன்ன வாயிலிருந்தே மறுநாள் கேலிப்பாட்டும் கேட்டது போல ரசிகனுக்கு அது சுருக்கென்று தைக்கிறது. 2011-இல் இதே ஐவரை வைத்துக் குட்டிக் குட்டி நகைச்சுவைத் துண்டுப்படங்கள் வந்தபோது பெரிதாக யாரும் சண்டைக்கு வரவில்லை. பழையவர்கள் திரும்பி வரப்போவதற்கான முன்னோட்டமோ என்ற நப்பாசை இருந்தது. அந்தத் துண்டுப்படங்கள்தான் 'கோ'வாக வளர்ந்தன. ஆசை காட்டி மோசம் செய்த கதையாகிவிட்டது.

இரண்டாவது காரணம் நேர அட்டவணை. 2010-களின் நடுப்பகுதியில் கார்ட்டூன் நெட்வொர்க்கைப் போட்டால் 'கோ', மீண்டும் போட்டாலும் 'கோ' என்ற நிலை இருந்தது. இது சேனலின் கணக்கு. பதினொரு நிமிடத் துண்டுகள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை, எந்த வரிசையிலும் போடலாம், எங்கிருந்து பார்த்தாலும் குழந்தைக்குப் புரியும். கையால் வரைந்து தென் கொரிய ஸ்டுடியோக்களில் முடித்த பழைய பாணியைவிட, கனடாவில் கணினிப் பொம்மைகளை அசைத்துச் செய்யும் இந்தப் பாணியில் எண்ணிக்கையும் வேகமாகக் கூடுகிறது. நானூறு எபிசோடுகளைத் தாண்டிவிட்டது. 'யங் ஜஸ்டிஸ்' மாதிரித் தொடர்கதையை இப்படி நாள் முழுதும் கலைத்துப்போட முடியாது. இங்கே உங்கள் தம்பி கோபப்படட்டும், முழு உரிமை உண்டு. ஒரே தொடரால் மற்ற கார்ட்டூன்களுக்கு மூச்சு முட்டியது உண்மை. அந்த முடிவை எடுத்தது சேனல் அதிகாரிகள். எழுத்தாளர் அறையில் இருந்தவர்கள் அல்ல.

எழுத்தாளர் அறையையும் நான் முழுதாக விடுவிக்க மாட்டேன். அவர்கள்மேல் எனக்கு இருக்கும் ஒரே புகார், ரசிகர்களிடம் பேசிய தொனி. 'தி ரிட்டர்ன் ஆஃப் ஸ்லேட்' என்ற எபிசோடு வருகிறது என்றதும் பழைய ரசிகர்கள் ஓடிவந்து உட்கார்ந்தார்கள். ஸ்லேட் வருகிறான் என்று டைட்டன்ஸ் பரபரப்பாகக் கிளம்புகிறார்கள். அடுத்த காட்சியில் சண்டை முடிந்துவிட்டது! இதுவரை நடந்ததிலேயே மகத்தான சண்டை என்று தங்களுக்குள் பாராட்டிக்கொள்கிறார்கள். நாம் ஒரு நொடிகூடப் பார்க்கவில்லை. மீதி எபிசோடு முழுக்க ஒரு கோமாளியைப் பற்றி. சிறுவயதில் ரசித்த கோமாளியைப் பீஸ்ட் பாயும் சைபோர்க்கும் வரவழைக்கிறார்கள். நினைவில் இருந்தது போல அவன் இல்லை. கோமாளி எப்போதும் குழந்தைகளுக்கானவன்தான், நீங்கள்தான் வளர்ந்துவிட்டீர்கள் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். அவனைத் 'திருத்த'ப் போய் அவன் அரக்கனாகிறான். யாரைச் சொல்கிறார்கள் என்பது பச்சைக் குழந்தைக்கும் புரியும். புத்திசாலித்தனமான எழுத்து என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்கு அழைத்து இலை போட்டுவிட்டுச் சோறு போடாமல் எழுப்பிய செயல் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதே மனிதர்களுக்கு இதைவிட நன்றாகச் செய்யத் தெரியும் என்பதுதான் என் ஆதங்கம். 'கோ'வை ஆரன் ஹோர்வாத்தோடு சேர்ந்து உருவாக்கிய மைக்கேல் ஜெலெனிக், அதற்கு முன் 'பேட்மேன்: தி பிரேவ் அண்ட் தி போல்ட்' தொடரை ஜேம்ஸ் டக்கரோடு சேர்ந்து உருவாக்கியவர். 2008-இல் அந்தத் தொடர் வந்தபோதும் இதே கூச்சல்: பேட்மேன் என்றால் இருட்டு, சோகம், இது என்ன வண்ண வண்ணமாகக் கும்மாளம்? அதற்கு அவர்கள் ஒரு எபிசோடில் பதில் சொன்னார்கள். பேட்-மைட் என்ற குட்டி மாய உருவம், ரசிகர் மாநாடு ஒன்றில் குறைப்படும் ரசிகருக்கு ஓர் அறிக்கையைப் படித்துக்காட்டுகிறது: பேட்மேனுக்கு நீண்ட வரலாறு உண்டு, பல விதமாக அவரைச் சொல்லலாம், கலகலப்பான பேட்மேனும் செல்லுபடியாகும் பேட்மேன்தான் என்று. அந்தக் கேலியில் பாசம் இருந்தது. சொன்னதோடு நிற்காமல், தொடர் முழுக்க மறந்துபோன சில்லறை ஹீரோக்களையெல்லாம் தேடிப்பிடித்து மரியாதை செய்தார்கள். 'கோ'வின் நடு சீசன்களில் அந்தப் பாசம் குறைந்து குத்தல் கூடிப்போனது.

பிறகு அவர்களே அதைச் சரிசெய்தார்கள் என்று நினைக்கிறேன். 2018-இல் திரையரங்குக்கு வந்த 'கோ' திரைப்படம் நல்ல படம், உங்கள் தம்பி வாய்விட்டு ஒப்புக்கொள்ளாவிட்டாலும். சுமார் ஒரு கோடி டாலரில் எடுத்து ஐந்து கோடிக்கு மேல் வசூலித்தது. தனக்கென ஒரு படம் கிடைக்காதா என்று ராபின் ஏங்குவதுதான் கதை. சூப்பர் ஹீரோ சினிமா முழுவதையும் அது கிண்டலடிக்கிறது. சூப்பர்மேனாக நடிக்கவிருந்து நின்றுபோன நிக்கோலஸ் கேஜையே சூப்பர்மேனுக்குக் குரல் கொடுக்க வைத்தார்கள். கடைசிப் பெயர்ப் பட்டியல் ஓடும்போது திரை விட்டுவிட்டு மின்ன, பழைய ராபின் தோன்றித் திரும்பி வர வழி கண்டுபிடித்துவிட்டோம் என்கிறான். திரையரங்கில் அந்த ஒரு நொடிக்குக் கூச்சலிட்டவர்களில் 'கோ'வைத் திட்டித் தீர்த்தவர்கள் ஏராளம் இருந்திருப்பார்கள். அதன் தொடர்ச்சியாக 2019-இல் இரண்டு குழுக்களும் நேருக்கு நேர் மோதும் படம் வந்தது. இரண்டு ரேவன்கள் எதிரெதிரே நின்று பேசும்போது இருவருக்கும் தாரா ஸ்ட்ராங்தான் குரல். வறண்ட குரலுக்குள்ளேயே இரண்டு வறட்சியை வேறுபடுத்திக் காட்டுகிறார். அந்த ஒரு காட்சிக்காகவே அதைப் பார்க்கலாம்.

உங்கள் வீட்டுக்கு என்ன செய்யலாம்? தம்பியிடம் 2018 படத்தைக் கொடுங்கள், 'தி ரிட்டர்ன் ஆஃப் ஸ்லே'டை மட்டும் கண்ணில் காட்டாதீர்கள். மகனுக்கு முதலில் 'கலர்ஸ் ஆஃப் ரேவன்', உடனே 'நெவர்மோர்'. எட்டு வயதுக்கு அது தாராளமாகப் புரியும். 'ஹான்டட்' இரண்டொரு வருடம் பொறுக்கலாம். டெர்ரா கதை இரண்டாம் சீசனில் வருகிறது. அதை இடையில் விட்டுவிட்டுப் பார்க்க வைக்காதீர்கள், வரிசையாகப் பார்க்கட்டும்.

பழைய தொடரின் கடைசி எபிசோடான 'திங்ஸ் சேஞ்ச்' பற்றி ஓர் எச்சரிக்கை. அதில் டெர்ராவைப் போலவே இருக்கும் ஒரு பள்ளி மாணவியைப் பீஸ்ட் பாய் பார்க்கிறான், அவளோ தனக்கு அவனைத் தெரியாது என்கிறாள். அவள்தானா இல்லையா என்று தொடர் கடைசி வரை சொல்வதில்லை. இரண்டாம் சீசனைப் பார்க்காத பிள்ளைக்கு அது வெறும் அரைகுறைக் கதையாகத் தெரியும். பார்த்த பிள்ளை அன்று இரவு உங்களைத் தூங்கவிடாமல் கேள்வி கேட்பான். அப்போது தம்பியைக் கூப்பிடுங்கள், அவரிடம் இதற்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாத பதில் இருக்கும்.